ஒரு பேய் கேட்ட கேள்வி

போன மாதம் ஒரு மத்தியானம் என் மருமகள் சூ சூ ஒரு பழைய தமிழ்ப் பேய்ப்படத்தை முதல் முறையாகப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம். யாரோ அதைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். காலை ட்யூட்டி முடிந்து வந்தவள், சாப்பிட்ட பிறகு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அம்மா பர்மியர், அப்பா தமிழர். தமிழ் பேசச் சொன்னால் திணறுவாள். கேட்டால் எல்லாம் புரியும்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் ரங்கூனில் ஓடியபோது கொட்டகையில் ஆட்கள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இந்தக் காலத்துப் பெண் எந்த இடத்தில் பயப்படுவாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அவள் பயப்படவே இல்லை. கிணற்றடியில் வெள்ளைச் சேலை தெரியும் இடத்தில் கொட்டாவி விட்டாள். வாசல் விளக்கு தானாக அணையும் இடத்தில் மட்டும் போனைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சரி, இங்கேதான் பிடித்தது என்று நினைத்தேன். அவளோ படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி அதே இடத்தை மறுபடி பார்த்தாள்.

முடிந்ததும், "எப்படி இருக்கு?" என்றேன்.

பாதி தமிழும் பாதி பர்மியமுமாகச் சொன்னாள். "இது பேய்ப்படம் இல்ல மாமா. அந்தப் பிள்ள படம் பூரா அழுவுது. ஒருத்தரும் தூக்கல. மாமியார் தூக்கல, நாத்தனார் தூக்கல, மந்திரவாதி வந்தான், அவனும் தூக்கல. அந்தப் பேய் ஒண்ணுதான் தூக்கட்டுமான்னு கேக்குது. எனக்கு அந்த வீட்டு ஆளுங்களப் பாத்துத்தான் பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. அந்தப் படத்துக்குப் பர்மிய எழுத்து போட்டவன் நான். அவள் ஒரே தடவை கேட்டதும் புரிந்துகொண்ட வரியை, அதையே தொழிலாகச் செய்த நான் தவறாக எழுதினேன். அதனால் ஒரு வீட்டில் நடந்ததை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

பழைய படங்களுக்குப் பர்மிய வரிகள் எழுதும் இளையவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். எல்லாரும் கம்ப்யூட்டரில் செய்கிறவர்கள். "உங்க வேலை அனுபவத்த எழுதிக் குடுங்க சயா" என்று என்னை வாத்தியாராக்கி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். எதை எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சூ சூ சொன்ன பிறகு தெரிந்துவிட்டது.

என் அப்பாவுக்குப் போட்டாதாங் படகுத்துறையில் வேலை. நான் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சாயங்காலம் கோயிலில் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்கும் அனுப்பினார். வீட்டில் நான் வேலாயுதம், பள்ளிக்கூடத்தில் மௌங் வின், வளர்ந்த பிறகு கோ வின். இரண்டு மொழியும் தெரியும் என்பதால், வெளிநாட்டுப் படங்களைத் தருவித்துக் கொட்டகைகளுக்குக் கொடுக்கும் ஒரு ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கடிதம் எழுதினேன், டப்பாக்களில் லேபிள் ஒட்டினேன். நான்காம் வருஷம் வரி எழுதும் பகுதிக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது போல எழுத்து படத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வராது. படச் சுருள் ஒரு பக்கம். எழுத்து தனி. பர்மிய வரிகளை ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதுவார். அதைப் போட்டோ பிடித்து ஒரு நீளமான பட்டையாக ஆக்குவோம். ஒரு கட்டத்துக்கு ஒரு வரி, நடுநடுவே வெறும் கறுப்புக் கட்டம். பெரிய திரைக்குக் கீழே ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் ஒரு சிறு விளக்குப் பெட்டியிலிருந்து எழுத்து விழும். பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, நடிகர் வாயைத் திறக்கும்போது பட்டையைக் கையால் இழுக்க வேண்டும். வரி ஒரு நொடி முந்தினால் சிரிப்பதற்கு முன்பே நகைச்சுவை தெரிந்துவிடும். பிந்தினால் செத்தவன் பேசுவான். தமிழ் கேட்டு இழுக்கத் தெரிந்த ஆள் ஆபீசில் நான் ஒருவன்தான் என்பதால், எழுதியதும் நான், இழுத்ததும் நான்.

பகுதிக்குத் தலைவி டோ மே டின் என்ற பர்மிய அம்மா. ஐம்பது வயதிருக்கும். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளை மேல்சட்டை, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலை எடுத்து அவர் யாருடைய தாளிலும் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. நாம் எழுதியதை எடுத்துக்கொண்டு போனால், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசிப்பார். ஒரு மூச்சில் முடியாத வரியைத் திருப்பித் தந்துவிடுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். முடிகிற வரியிலும் சில சமயம் நிறுத்துவார். நிறுத்தி, "கோ வின், இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?" என்று கேட்பார். அவ்வளவுதான் அவர் செய்கிற திருத்தம்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பர்மிய மொழியில் 'நான்' என்பதற்கு ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். பெரியவரிடம் ஒன்று, பிள்ளையிடம் ஒன்று. நம் தமிழில் ராஜாவும் 'நான்', திருடனும் 'நான்'. என் முதல் படத்தில் இருட்டில் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு கிசுகிசுக் குரல் கதாநாயகனை மிரட்டும். நான் அவசரத்தில் பெண் சொல்லும் 'நான்' போட்டுவிட்டேன். விளக்கு வந்ததும் திரையில் நிற்பவன் முறுக்கு மீசைக்காரன். கொட்டகை சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மறுநாள் டோ மே டின் என்னைத் திட்டவில்லை. என் மேஜைக்கு வந்து நின்று, "படத்தை எழுதுவதற்கு முன்னால் எத்தனை தடவை பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதுவும் நோட்டில் வசனத்தைக் குறித்துக்கொண்டே. படத்தில் பாதியை நான் காதால்தான் பார்த்திருந்தேன். அவ்வளவுதான் நேரம் இருந்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு இந்தப் பேய்ப்படம் வந்தது. கதை எளிமையானது. பிரசவத்தில் இறந்துபோகிறாள் ஒரு பெண். கணவன் வெளியூரில். பச்சைப் பிள்ளையோடு மாமியாரும் நாத்தனாரும் அந்தக் கிணற்று வீட்டில் இருக்கிறார்கள். தினமும் பொழுது சாயும் வேளையில் பிள்ளை வீறிட்டு அழும். அப்போது வாசலில் அவள் வந்து நிற்பாள். வீட்டார் சம்மதம் இல்லாமல் அவளால் வாசற்படியைத் தாண்ட முடியாது. நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்: "புள்ளைய எடுத்துக்கட்டுமா?" கடைசியில் மந்திரவாதி ஒருவன் வந்து அவளை மந்திரத்தால் கட்டிவிடுவான். வீடே சந்தோஷப்படும்.

அந்த ஒரு வரி படத்தில் ஆறு தடவை வருகிறது. தமிழில் கேட்கிறவர்களுக்கு அது இரண்டு பக்கமும் சாயும். அழுகிற பிள்ளையைக் கையில் எடுக்கட்டுமா என்றும் கொள்ளலாம். இதை நான் கொண்டுபோகட்டுமா என்றும் கொள்ளலாம். பர்மிய மொழியில் அந்த வசதி கிடையாது. பிள்ளையைக் கையில் தூக்குவதற்கு 'ச்சீ' என்று ஒரு சொல். கூட்டிக்கொண்டு போவதற்கு 'கோ த்வா' என்று வேறு சொல். இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. பேய்ப்படம். டிக்கெட் வாங்கி வருகிறவன் பயப்பட வருகிறான். 'பிள்ளையைக் கொண்டுபோய்விடுவேன்' என்று எழுதினேன். கேள்வியைக்கூட எடுத்துவிட்டேன்.

டோ மே டின் வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நிறுத்தினார்.

"இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?"

"பேய், அந்த வீட்டாரிடம், சயாமா."

"அவள் அந்தப் பிள்ளைக்கு யார்?"

"அம்மா."

"அம்மா இப்படியா சொல்கிறாள்?"

"தமிழில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பாதி உண்மைதானே. தமிழ் தெரியாத அவர் என்னை நம்பித்தான் ஆக வேண்டும். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

படம் நன்றாக ஓடியது. பகல் ஆட்டத்துக்கே வெளியில் வரிசை நின்றது. ஆறு இடத்திலும் நான் பட்டையை இழுக்க வேண்டிய கணத்துக்காகக் காத்திருப்பேன். வரி விழுந்ததும் முன்வரிசையிலிருந்து பால்கனி வரைக்கும் ஒரே கூச்சல். பெண்கள் முகத்தைக் கையால் மூடிக்கொள்வார்கள், எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அதில் வித்தியாசம் இல்லை. அந்தக் கூச்சலைப் போட்டது படமா என் வரியா என்று எனக்குள் ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால், என் வரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், மூன்று மணி ஆட்டத்துக்குப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் கொட்டகைக்குள் வந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். முப்பது வயதிருக்கும். தோளில் சாக்குத் துண்டு. மூட்டை தூக்குகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, இந்தப் பர்மா எழுத்து நீங்க எழுதினதா?" என்றார் தமிழில்.

"ஆமா."

"நான் ஆறுமுகம். அலோன் துறையில லோடு எறக்குறேன். அந்தப் பேய் வாசல்ல கேக்குது பாருங்க, அது 'எடுத்துக்கட்டுமா'ன்னுதான கேக்குது?"

"ஆமா."

"பர்மாவுல கொண்டுபோயிருவேன்னு போட்டிருக்கே அண்ணே."

அவர் குரலில் கோபம் இல்லை. நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

அவர் மனைவி பர்மியப் பெண். நான்கு மாதத்துக்கு முன் பிரசவத்தில் இறந்துபோய்விட்டாள். பெண் குழந்தை, வள்ளி என்று பெயர். தாகேதாவில் மனைவியின் அக்கா மா கின் குழந்தையை வளர்க்கிறாள். மா கினுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தையல் வேலை. அக்கம்பக்கத்துப் பெண்களோடு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு நான்கைந்து நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல். பொழுது சாயும் நேரத்தில் வீறிட்டு அழுகிறது. மா கின் முடிவு செய்துவிட்டாள்: தங்கை வந்துவிட்டாள், பிள்ளையைக் கொண்டுபோகப் பார்க்கிறாள்.

"சன்னலெல்லாம் துணி வச்சு அடைச்சிருக்கா. புள்ளைக்குப் பக்கத்துல கண்ணாடி வச்சு, அதுமேல பஞ்சு போட்டிருக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்குன்னா, வாசலத் தாண்டினா போச்சு, அவ அங்கதான் நிக்கிறாங்கிறா. ரெண்டு நாளாச்சு அண்ணே. நான் சொன்னா, நீ ஆம்பள, உனக்குத் தெரியாதுங்கிறா. எழுதினவரு வந்து சொன்னா கேப்பா."

கண்ணாடியும் பஞ்சும் எனக்குத் தெரியும். பர்மியர்கள் உயிரை லெய்ப்பியா என்பார்கள், பட்டாம்பூச்சி. தாய் இறந்தால் பிள்ளையின் பட்டாம்பூச்சியும் பின்னாலேயே போய்விடும் என்று பயப்படுவார்கள். கண்ணாடியில் போட்ட பஞ்சு சறுக்கி விழுந்தால் அதை ஏந்திப் பிள்ளையின் நெஞ்சில் வைப்பார்கள், உயிர் திரும்பி வந்துவிடும் என்று. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலை அடைத்தது என் வரி.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. பட்டை இழுக்கிறவன் நடுவில் எழுந்து போவது எங்கள் ஆபீசில் கேள்விப்படாத விஷயம். கொட்டகை ஆபீசிலிருந்து டோ மே டினுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். தமிழில் அந்த வரி உண்மையில் என்ன என்பதையும் சொன்னேன்.

"நீ போ" என்றார். "நான் வருகிறேன். இழுக்கிறேன்."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே சயாமா."

"வாய் அசைவது தெரியும். போ."

நானும் ஆறுமுகமும் பஸ் ஏறிப் பசுண்டாங் ஓடையைத் தாண்டி தாகேதாவில் இறங்கினோம். மழைக்காலம். பலகை போட்ட சந்தில் கடைசி வீடு. உள்ளே போனதும் மூச்சு முட்டியது. அறையில் ஒரு துளி காற்று இல்லை. மா கின் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. முகம் சிவந்து, கண் பாதி மூடி, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

ஆறுமுகம் என்னை யார் என்று சொன்னார். நான் பர்மிய மொழியில், "தங்கச்சி, அந்தப் படத்தில் எழுத்து போட்டவன் நான். அந்த வரி தப்பு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவர் கூட்டிக்கொண்டு வந்ததால் சொல்கிறீர்கள்."

"இல்லை. அவள் கொண்டுபோவேன் என்று சொல்லவில்லை."

"சொல்லாததை எதற்கு எழுதினீர்கள்?"

பஸ்ஸில் வரும்போது பல பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். சொல் வளம், இரண்டு பொருள், அதெல்லாம். அவற்றை விட்டுவிட்டேன்.

"ஆட்கள் பயப்பட வேண்டும் என்று எழுதினேன்" என்றேன். "அதற்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். பிறகு குனிந்தபடியே, "அப்படியென்றால் அவள் என்னதான் சொல்கிறாள்? உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றாள்.

"புள்ளைய எடுத்துக்கட்டுமா" என்றேன்.

மா கின் தலையைத் தூக்கினாள். பார்த்தது என்னையல்ல, ஆறுமுகத்தை.

"இது நீ தினமும் சொல்வதுதானே."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். ஆறுமுகம் தினமும் வேலை முடிந்து வந்து, சந்துக் குழாயில் கையைக் கழுவிவிட்டு, வாசலில் நின்று குழந்தையைப் பார்த்து "எடுத்துக்கட்டுமா தாயி?" என்று கேட்பாராம். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து தூக்குவாராம். நான்கு மாதமாக ஒரு நாள் விடாமல் அதைக் கேட்டிருக்கிறாள். கொட்டகையில் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்ததால் அவள் காதில் அது விழவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

குழந்தையை இரண்டு கையாலும் ஆறுமுகத்திடம் நீட்டினாள். பஞ்சைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். குடையை எடுத்தாள். நாங்கள் மூவரும் வாசலைத் தாண்டும்போது அவள் ஒரு கணம் நின்று, யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பர்மிய மொழியில், "டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம்" என்று சொன்னாள். தங்கையிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு நடையில் அவளை எங்களால் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தார்கள். காதில் பிடித்த சீழ் உள்ளே போய்விட்டது என்றார் டாக்டர். வள்ளி பிழைத்தாள். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இத்தனை வருஷமாக அந்தப் பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது. ஆறுமுகம் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாக மூன்று நான்கு தடவை தாகேதா போய்ப் பார்த்தேன். குழந்தையை யார் கூப்பிட்டாலும் வலது பக்கமாகவே திரும்பும். பிறகு அவர்கள் மோல்மேன் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் நான் கொட்டகைக்குத் திரும்பியபோது ஆட்டம் முடிந்திருந்தது. டோ மே டின் பெட்டிக்குப் பின்னால் மை ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றேன். "சரி" என்றார். பிறகு, "அந்த ஆறு இடத்திலும் நான் கறுப்புக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டேன். எழுத்தே விழவில்லை" என்றார்.

"கூச்சல் போட்டார்களா?"

"இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டார்கள்."

மறுநாளே வரியை மாற்றினோம். 'பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டுமா' என்று, கேள்வியோடு. ஆறு கட்டங்களைப் புதிதாகப் போட்டோ பிடித்து, வெட்டி, பட்டையில் ஒட்டினேன். ஒட்டும்போது டோ மே டின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் பொய்யைப் பற்றி அவர் பேசுவார் என்று ஆறு கட்டமும் ஒட்டி முடிக்கிறவரை காத்திருந்தேன். கடைசிக் கட்டம் காய்ந்த பிறகு, "இனிமேல் இரண்டு சொல்லுக்கு நடுவில் நிற்கும்போது என்னிடம் இரண்டையும் சொல். நான் தமிழ் படிக்கப் போவதில்லை" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன். தாளின் ஓரத்தில் இரண்டாவது சொல்லையும் எழுதி வைப்பேன்.

புது வரி வந்த பிறகு கொட்டகை மாறிப்போயிற்று. முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் கூச்சல் இருந்தது. மூன்றாம் தடவையில் அது நின்றுவிடும். ஆறாம் தடவையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். மந்திரவாதி அவளைக் கட்டும்போது முன்பெல்லாம் கை தட்டியவர்கள் இப்போது தட்டவில்லை. ஒரு கிழவர் எழுந்து மந்திரவாதியைத் திட்டினார். கொட்டகைக்காரர் ஆபீசுக்கு வந்து, "பேய்ப்படம் என்று கொடுத்துவிட்டு இப்படிச் செய்துவிட்டீர்களே" என்று சண்டை போட்டார். டோ மே டின் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "நாங்கள் படத்தைத் தொடவே இல்லை" என்றார். அது உண்மைதான். அடுத்த வாரமே படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போட்டார்கள்.

இதையெல்லாம் போன வாரம் சூ சூவிடம் சொன்னேன். நர்ஸ் என்பதால் அவள் முதலில் கேட்டது காய்ச்சல் எத்தனை நாள், காதில் சீழ் வெளியே வந்ததா, ஊசி எந்த மருந்து என்றுதான். தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டர் சொன்னது சரி மாமா. யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு, "ஆனா அவங்க எல்லாரும் வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னே பாத்தாங்க. உள்ள புள்ளைக்கு என்னன்னு கடைசில தான பாத்தாங்க" என்றாள். படத்தைச் சொல்கிறாளா, தாகேதா வீட்டைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அவள் ட்யூட்டிக்குப் போன பிறகு என் போனில் அதைத் தேடி எடுத்து நானும் பார்த்தேன். அந்தப் படத்தை நான் ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். பட்டை இழுக்காமல், நோட்டில் எழுதாமல், சும்மா உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

கிணறு பழைய கிணறுதான். விளக்கு அணைவது, மாமியாரின் இருமல், எல்லாம் எனக்கு மனப்பாடம். வாசல் விளக்கு அணைந்ததும் வரும் காட்சி வந்தது. உள்ளே தொட்டிலில் பிள்ளை அழுகிறது. அவள் வந்து நிற்கிறாள். "புள்ளைய எடுத்துக்கட்டுமா?" என்கிறாள். பட்டையை இழுத்த பழக்கத்தில் என் கை தொடையில் ஒரு இழுப்பு இழுத்தது.

அதற்கப்புறம் அவள் நிற்கிறாள். படம் அடுத்த காட்சிக்குப் போகவில்லை. அவள் முகம் மட்டும் திரையில் இருக்கிறது. சம்மதம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம். கண் தொட்டில் பக்கம் போகிறது, மாமியார் பக்கம் திரும்புகிறது, மறுபடி தொட்டிலுக்குப் போகிறது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினோரு நொடி. யாரும் பதில் சொல்லவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பதினோரு நொடியும் நான் குனிந்து பட்டையில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

சாயங்காலம் சூ சூ வந்ததும் முதல் வேலையாக அவளை உட்காரவைத்து, "பார், கேட்டுவிட்டு நிற்கிறாள்" என்று காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள்.

"ஆமா மாமா," என்றாள். "அந்த எடத்தத்தான் நான் ரெண்டு தடவ பாத்தேன்."